ஒன்று புள்ளி எண்பத்திரண்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சுங்கைப் பட்டாணியில் அந்த மாடி ஆபீசில் வாசுகியைத் தவிர ஈ காக்கை கிடையாது. மலேசியாவில் கெடா மாநிலத்துக்கு வெள்ளிக்கிழமைதானே லீவு. முதலாளி யோகேந்திரன் குடும்பத்தோடு பினாங்குக்குப் போயிருந்தார். "சும்மா வந்து ஸ்க்ரீனை ஒரு பார்வை பாரு வாசுகி. எல்லாம் பச்சையா இருந்தா பூட்டிட்டுப் போயிட்டே இரு" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். வந்தாள், பார்த்தாள். எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

பச்சை என்றால் அப்படியொரு பச்சை. அந்தக் கம்பெனி கம்பி இழுத்து ரவுட்டர் வைத்துக் கொடுத்த இடங்கள் மொத்தம் பத்தொன்பது. ரெண்டு செம்பனை எண்ணெய் ஆலை, ஒரு கிளினிக், நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் பேர் இருக்கும், பேருக்குப் பக்கத்தில் விளக்கு இருக்கும். கடைசிப் பேர் மெராந்தித் தோட்டம், ஆற்றுக் கொட்டகை. அதற்கும் பச்சை. பக்கத்தில் லெம்பா ஆற்றின் தண்ணீர் மட்டம் எழுதியிருந்தது, 1.82 மீட்டர்.

பையைத் தோளில் மாட்டிச் சாவியையும் எடுத்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தப் போனவள் கிழக்கே மலைப் பக்கம் பார்த்தாள். டவுனில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அங்கே மட்டும் வானம் கறுத்துத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. மழை சாதாரணமாகப் பெய்தால் மலையின் ஓரமாவது தெரியும். அன்றைக்கு மலையே தெரியவில்லை.

சாவியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி திரைக்கு வந்தாள். 1.82. வந்தபோதும் 1.82தான் இருந்தது என்று ஞாபகம். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். 1.82. ஆறு சும்மா இருக்கும்போதுகூட அந்தக் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். எண்பத்தொன்று, எண்பத்துமூன்று, மறுபடி எண்பத்தொன்று. ஓடுகிற தண்ணீருக்கு அடங்கி நிற்கத் தெரியாது. பழைய பதிவைத் தட்டிப் பார்த்தாள். ரெண்டு மணி பதினாறு நிமிஷத்திலிருந்து ஒரே எண்.

இந்த ஆற்று விஷயத்தைச் சொன்னால்தான் அவள் பயம் உங்களுக்குப் புரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பொட்டு மழை பெய்யாத சாயங்காலத்தில், மலையில் கொட்டிய தண்ணீர் இறங்கி வந்து மெராந்தித் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தில் ஒரு வரிசை வீட்டையே வழித்துக்கொண்டு போனது. ஐந்து பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் மேலே ஆற்றோரத்தில் ஒரு கொட்டகை போட்டு, தண்ணீரை அளக்கும் கருவி வைத்து, கீழ் லயத்தில் கம்பம் நட்டு சைரன் வைத்தார்கள். வேலை யோகேந்திரன் கம்பெனிக்கு வந்தது. கம்பெனியில் அதைச் செய்தது வாசுகி. அவளே அந்த லயத்தில் பிறந்தவள்தான். மிச்சம் இருக்கும் இருபத்தாறு வீட்டில் ஒன்றில் இன்றைக்கும் அவள் அம்மா காளியம்மா இருக்கிறாள், அண்ணன் முகுந்தன் இருக்கிறான், அண்ணி திலகா, ரெண்டு பிள்ளைகள். அதனால் அந்த வேலையைக் கூலிக்குச் செய்கிற மாதிரி அவள் செய்யவில்லை.

கருவி தண்ணீர் அளவைச் சுங்கைப் பட்டாணி ஆபீசுக்கு அனுப்பும். மூன்றரை மீட்டரைத் தாண்டினால் ஆபீஸ் கம்ப்யூட்டர் "ஊது" என்று திருப்பிச் சொல்லும். அது கொட்டகைக்குப் போய், அங்கிருந்து ரேடியோவில் லயத்துக் கம்பத்துக்கு வந்து சைரன் ஊதும். எதுக்கு இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடவேண்டும் என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். பொய்யாக ஊதி வேலை கெட்டுவிடக் கூடாது, ஆபீஸ் சொன்னால்தான் ஊத வேண்டும் என்று தோட்டத்து மானேஜர் ஒரே பிடிவாதம். சரி, அப்படியானால் கொட்டகைக்கும் ஆபீசுக்கும் நடுவில் உள்ள தொடர்பு அறுந்து போகவே கூடாது. அதனால் ரெண்டு வழி வைத்தாள். முதல் வழி தோட்டத்துச் சாலையோரம் கம்பம் கம்பமாக வரும் பைபர் கேபிள். ரெண்டாவது வழி ஒரு சிம் கார்டு. ரவுட்டரில் பைபருக்கு ஒன்று என்று எண் கொடுத்தாள், சிம்முக்கு ரெண்டு. ஒன்று உயிரோடு இருக்கிறவரை எல்லாம் அதில்தான் போகும். அது செத்தால் ரெண்டாவது எடுத்துக்கொள்ளும்.

செத்ததா இல்லையா என்று ரவுட்டருக்கு யார் சொல்வது? அதற்குத்தான் ஹெல்த் செக் என்று ஒன்று. பத்து செகண்டுக்கு ஒருதரம் முதல் வழியாக ஒரு விலாசத்தைக் கூப்பிட்டு "இருக்கியா" என்று கேட்கும். ரெண்டு தடவை பதில் இல்லையென்றால் அந்த வழியைக் கைவிட்டுவிடும். எந்த விலாசத்தைக் கேட்பது என்பதில்தான் சமாச்சாரமே இருக்கிறது. வாசுகி ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தாள். எங்கேயோ கோலாலம்பூரில் இருக்கிற ஒரு விலாசத்தைக் கொடுத்து, அதைக் கூப்பிட பைபரைத் தவிர வேறு வழியில் போகவே கூடாது என்று ஆணியடித்த மாதிரி வைத்திருந்தாள். நடுவில் எங்கே அறுந்தாலும் தெரிந்துவிடும். மானேஜர் வந்த அன்றைக்கு முகுந்தன் தன் கையாலேயே நீலக் கேபிளைப் பிடுங்கிக் காட்டினான். கால் நிமிஷத்தில் வழி மாறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. வழி மாறிக் கருவி மறுபடி இணையும்போதெல்லாம் சைரன் ஒருமுறை ஊளையிட்டுத் தன்னைச் சோதித்துக்கொள்ளும். பைபரோ, தோட்டத்துச் சாலையில் லோரி போனால்கூட விக்கும். நாளைக்கு ரெண்டு தரம், மூன்று தரம் ஊளை. கைப்பிள்ளைகள் வீரிட்டு அழும். ஷிப்டு முடித்துப் படுத்த ஆட்கள் எழுந்து வந்து காளியம்மா வீட்டு வாசலில் நின்று திட்டுவார்கள். "உன் நாய் ஏண்டி இப்படி ஊளையிடுது" என்று காளியம்மா போனில் கேட்பாள்.

அப்புறம் முனியாண்டி கோயில் திருவிழா வந்தது. முகுந்தன் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், கோயில் கமிட்டியில் செயலாளர். "மூணு நாள் வாசு, மூணே நாள்" என்றான். "சாமி இறங்கி அருள்வாக்கு சொல்லிக்கிட்டு இருக்கறப்ப உன் சைரன் ஊதினா என் மானம் போயிடும்லா. ஏதாச்சும் பண்ணு." அவள் பண்ணினாள். கோலாலம்பூர் விலாசத்தை எடுத்துவிட்டு, கொட்டகைக்குள்ளேயே ரவுட்டருக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கும் பைபர் பெட்டியின் விலாசத்தைப் போட்டாள். "இருக்கியா" என்று ரவுட்டர் கேட்கும், ஒரு முழம் தள்ளி இருக்கும் பெட்டி "இருக்கேன்" என்று சொல்லும். வெளியே உலகமே அறுந்து கிடந்தாலும் அந்தப் பெட்டிக்கு என்ன, பேட்டரி இருக்கிறவரை பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். வழி மாறாது, சைரன் ஊளையிடாது. அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். மூணு நாள்தானே என்று செய்தாள்.

திருவிழா அமைதியாக நடந்தது. லயமே அவளைக் கொண்டாடியது. திலகா அண்ணி கோழி ரெண்டாங் சமைத்துக் கொடுத்துவிட்டாள். அந்த வாரம் திருப்பி மாற்ற நினைத்தாள், ஆலையில் வேலை வந்துவிட்டது. அடுத்த வாரம் அம்மா, "இப்பதான் மனுசன் தூங்க முடியுது" என்றாள். அப்படியே விட்டுவிட்டாள். ஏழு மாசம் ஆகிவிட்டது.

இந்தத் திரையைக் கட்டினவர்களும் புத்திசாலிகள்தான் போங்கள். வழி அறுந்தால் ரவுட்டரே ரெண்டாவது வழியில் வந்து சொல்லும், உடனே சிவப்பாகும். சொல்லவே இல்லையென்றால்? பழைய பச்சையே நிற்கும். ரவுட்டர் வாயே திறக்காமல் போகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை, வாசுகி உட்பட.

முதலில் ரவுட்டருக்குள் நுழையப் பார்த்தாள். முடியவில்லை. சிம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் வழி வைத்திருந்தாள், அதன் வழியாக உள்ளே நுழைய வைக்கவில்லை. மூன்று மணி பன்னிரண்டுக்கு அண்ணனைக் கூப்பிட்டாள். மழைச் சத்தம் காதை அடைத்தது.

"அண்ணே, எங்க இருக்கே?"

"மேல் டிவிசன்ல. ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு வாசு. ஆபீஸ் கிராணி போன் பண்ணி வரச் சொன்னான். வெட்டிக்கிட்டு இருக்கேன், ஆளுங்க ஒருத்தனும் இல்ல, லீவுல."

"எப்ப விழுந்துச்சு?"

"ரெண்டு, ரெண்டேகால் இருக்கும். கம்பத்தையும் சேர்த்துச் சாய்ச்சிடுச்சு. ஒயரெல்லாம் தொங்குது. உன் ஒயரும் அதுலதான போகுது?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "அங்க மழை எப்படி?" என்று கேட்டாள்.

"ஒரு மணியில இருந்து ஊத்துது. இப்படி மழையை நான் பார்த்ததில்ல. ஏன், உன் மிசின்ல தண்ணி எவ்வளவு காட்டுது?"

"அது பழைய கணக்கு அண்ணே. மிசின் பேசி ஒரு மணி நேரம் ஆச்சு. நீ போனைக் கையிலயே வச்சுக்க, திரும்பக் கூப்பிடுறேன்."

ஆபீஸ் போனை எடுத்து அவசர உதவிக்கு 999 அடித்தாள். பொம்பா, அதாவது தீயணைப்பு வண்டி, கிளம்பும் என்றார்கள். மெராந்திக்கு நாற்பது நிமிஷமாவது ஆகும், பாதையில் மரம் விழுந்திருந்தால் அதற்கும் மேலே. வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னால் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஆறு வருது. அண்ணி, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கோயில் மேட்டுக்கு ஏறு."

"ஆறா? இங்க வெயில் காயுதுடி. துணியெல்லாம் முறுகிக் கிடக்கு."

"போன தடவையும் வெயில்தானம்மா காஞ்சுச்சு."

காளியம்மாவுக்கு அது உறைத்தது. டிவியை அணைத்தாள். "அப்ப சைரன் ஏன் ஊதல?" என்றாள்.

"சைரன் கெட்டுப் போச்சு."

"நீ வச்சது எப்படிடி கெட்டுப் போகும்?"

"எல்லார் கதவையும் தட்டும்மா. போனை வைக்காத, அப்படியே மேசையில போட்டுட்டுப் போ" என்றாள். காளியம்மா திலகாவைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போவது கேட்டது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பேச்சுக் குரல்கள் கேட்டன. ஒருத்தி சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் காளியம்மா மூச்சிரைக்க வந்தாள்.

"ரெண்டு வீட்டு ஆளுங்கதான் கிளம்புறாங்க. மத்தவங்க அசைய மாட்டேங்கிறாங்க. செல்லாயி சிரிக்கிறா. உன் மக சைரன் இருக்கறப்ப நீ எதுக்குக் கதவு கதவாத் தட்டுறேங்கிறா. பாதி ஆம்பளைங்க தூக்கத்துல இருக்கானுங்க, எழுப்பினா அடிக்க வர்றானுங்க. அது ஊதட்டும், அப்பப் பார்க்கலாம்னு சொல்றாங்க."

"நீ பிள்ளைங்களோட ஏறிடும்மா."

"மத்தவங்களை விட்டுட்டா? பேசாம இருடி" என்று சொல்லிவிட்டுக் காளியம்மா மறுபடி வெளியே போனாள்.

வாசுகிக்குத் தன் மேலேயே அப்படியொரு ஆத்திரம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சைரன் இல்லை, அதனால் ஆற்றுச் சத்தம் மாறினால் எவனாவது எழுந்து போய்ப் பார்ப்பான். இப்போது ஒருத்தனும் பார்க்க மாட்டான். பார்க்க வேண்டாம் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். தோட்டத்து ஹாலில் மைக் பிடித்து, "இனிமே நிம்மதியா தூங்குங்க" என்று சொன்னவள் அவள்தான்.

சைரன் ஊத ஒரே வழிதான் இருந்தது. கொட்டகைக்குப் போய் அந்த நீலக் கேபிளை யாராவது பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பெட்டியின் பொய் அதோடு முடிந்துபோகும், ரவுட்டர் சிம் வழியைப் பிடித்துக்கொள்ளும். கொட்டகையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். போக ஒரு கட்டைப் பாலம். மேல் டிவிசனிலிருந்து மோட்டோர் சைக்கிளில் ஐந்து நிமிஷம். அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள்.

அண்ணனையே நேராகக் கீழ் லயத்துக்குப் போகச் சொல்லலாமா என்றும் யோசிக்கத்தான் செய்தாள். மரம் விழுந்த சாலையில் மோட்டோரைத் தூக்கித் தாண்டி, செம்பனைக் காட்டைச் சுற்றிப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் கத்தித்தான் எழுப்ப வேண்டும். அவள் கைப்பேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொட்டகைக்குப் போகணும். நீலக் கேபிளைப் பிடுங்கணும்."

"டெஸ்ட் பண்ணினப்ப பிடுங்கினேனே, அதுவா?"

"அதேதான். திருவிழாவுக்கு மாத்தினதை நான் திருப்பி வைக்கல அண்ணே. அதனாலதான் சைரன் ஊதல. என் தப்புதான்."

"நான்தான கேட்டேன்."

"செஞ்சது நான்."

"இப்ப அதைப் பேசி என்னலா ஆகப்போகுது" என்றான் முகுந்தன். மரம் அறுக்கும் மெசினை அவன் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"தெரியல அண்ணே. எனக்கு இங்கேருந்து ஒண்ணுமே தெரியல."

"பிள்ளைங்க வீட்டுலதான் இருக்காங்க" என்றான். அவளிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா, தெரியாது. மோட்டோர் கிளம்பியது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் போலிருக்கிறது, மழையும் எஞ்சினும் அவனுடைய மூச்சும் ஒன்றாகக் கலந்து கேட்டன.

இடது காதில் கைப்பேசி, வலது காதில் ஆபீஸ் போன். ஒன்றில் அண்ணன் போய்க்கொண்டிருந்தான். இன்னொன்றில் அம்மா கதவு தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே திரையில் பச்சை விளக்கு, பக்கத்தில் 1.82. அந்தத் திரையைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசினால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

எஞ்சின் நின்றது. இப்போது மழையைவிட ஒரு பெரிய சத்தம் கேட்டது, விடாமல், அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி.

"வாசு, கேக்குதா?" என்றான் முகுந்தன். கத்திப் பேசினான். "பாலத்துக்கும் தண்ணிக்கும் ஒரு சாண்தான் இருக்கு. மரமெல்லாம் மிதந்து வருது."

வேண்டாம், திரும்பி வா என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். வலது காதில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது, திலகாவின் சின்னதாக இருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ரெண்டு செகண்டு காத்திருந்தான். அவள் சொல்வாளா என்று பார்த்தானோ, பாலத்தைப் பார்த்தானோ, அது அவனுக்குத்தான் வெளிச்சம். பிறகு பலகையில் பூட்ஸ் விழும் சத்தம் கேட்டது, பதினொன்று, பன்னிரண்டு என்று அவள் எண்ணினாள்.

கதவுப் பூட்டு திறந்தது. மழைச் சத்தம் தகரக் கூரைச் சத்தமாக மாறியது.

"உள்ள தண்ணி கணுக்கால் வரைக்கும் இருக்கு. பெட்டியெல்லாம் மேல பலகையிலதான், நனையல. விளக்கு பச்சையா எரியுது வாசு, ரெண்டுலயும்."

"எரியும். நீலக் கேபிள், முதல் துளை. முனையில ஒரு நாக்கு இருக்கும், அதை அமுக்கிட்டு இழு."

"கை வழுக்குது." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "பிடுங்கிட்டேன்."

இருபது செகண்டு. ஹெல்த் செக் ரெண்டு தடவை கேட்டு, ரெண்டு தடவை பதில் இல்லாமல் போக வேண்டும். அந்த இருபது செகண்டை வைத்தவளும் அவள்தான். ஒன்று, ரெண்டு என்று உதடு முணுமுணுத்தது. பதினெட்டில் பச்சை அணைந்தது. முதல் வழி சிவப்பு. ரெண்டாவது வழியில் பச்சை எரிந்தது. எண் மாறியது.

4.71.

ஒரு நொடிக்கு அவளுக்கு அது என்ன எண் என்றே விளங்கவில்லை. அதற்குள் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. வலது காதில், அம்மா மேசையில் போட்டுவிட்டுப் போன போனுக்குள்ளிருந்து, சைரன் ஊளையிட ஆரம்பித்தது. கூச்சல் கேட்டது, கதவுகள் படாரென்று திறந்தன, யாரோ யாருடைய பேரையோ சொல்லிக் கூப்பிட்டார்கள், ஓடுகிற கால்கள், மோட்டோர் கிளம்பும் சத்தம், அம்மாவின் குரல், "துணி கிணி எடுக்காத, ஏறு, ஏறு." வாசுகி அழுதுகொண்டிருந்தாள். அது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"ஊதுதா?" என்றான் முகுந்தன்.

"ஊதுது அண்ணே. எல்லாரும் ஓடுறாங்க. நீ வெளிய வா. வந்துடு."

தண்ணீரில் கால் போட்டு நடக்கும் சத்தம். கதவு கிறீச்சிட்டது. அந்த உறுமல் திடீரென்று பெரிதானது.

"அண்ணே?"

"பாலம் தெரியல வாசு."

"வேற பக்கம், பின்னால செம்பனைப் பக்கம் ஏறி..."

"பின்னாலயும் தண்ணிதான். ரெண்டா பிரிஞ்சு வருது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, லோரியில் செம்பனைக் குலை எத்தனை ஏற்றியாச்சு என்று சொல்கிற மாதிரி. "கூரை மேல ஏறிடுறேன். தாங்கும்னு நினைக்கிறேன். நீ பொம்பாவுக்குச் சொல்லிடு. திலகாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்காத, பயந்துக்குவா."

"அண்ணே, நான்..."

"கை ரெண்டும் வேணும் வாசு. வைக்கிறேன்."

அவன் வைத்துவிட்டான். மூன்று மணி நாற்பத்தொரு நிமிஷம்.

ஆபீஸ் போனைத் துண்டித்து 999க்கு அடித்தாள். ஆற்று நடுவில் கொட்டகைக் கூரையில் ஒரு ஆள் இருக்கிறார், படகு வேண்டும் என்றாள். பேர் கேட்டார்கள், வயசு கேட்டார்கள், கொட்டகையின் உயரம் கேட்டார்கள். ரெண்டரை மீட்டர் என்றாள். தண்ணீர் இப்போது எவ்வளவு என்று கேட்டார்கள். திரையைப் பார்த்து வாசித்தாள். கேபிளைப் பிடுங்கிய கையோடு எண் நிமிஷத்துக்கு ஒருதரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 4.98. கொட்டகையின் தரை நாலரை மீட்டரில் இருக்கிறது. அவளே அளந்து குறித்தது. 5.30. 5.66. 6.02. கூரை ஏழில் இருக்கிறது. 6.35.

அடுத்த எண் வர வேண்டிய நிமிஷம் வந்தது. வரவில்லை. ரெண்டாவது வழியின் விளக்கும் சிவப்பானது. இந்தத் தடவை திரைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சிம் வழியை ஆபீஸ் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி அவள் வைத்திருந்தாள். அதில் மட்டும் சோம்பல் படவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டாள். நீங்கள் அழைத்த எண்ணைத் தற்போது தொடர்புகொள்ள இயலவில்லை என்று மலாயில் ஒரு பெண் சொன்னாள். மறுபடி கூப்பிட்டாள். அதே பெண்.

நாலு மணிக்குக் காளியம்மா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். பின்னால் கோயில் மேட்டில் இருபத்தாறு வீட்டுச் சனமும் பேசிக்கொண்டிருந்தது.

"ஒரு உசுரு பாக்கியில்லாம ஏறியாச்சுடி" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நாங்க ஏறி முடிக்கல, நுரை தள்ளிக்கிட்டு வந்துடுச்சு. நம்ம வீட்டு ஜன்னல் வரைக்கும் தண்ணி. செல்லாயி என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறா. எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றாங்க. கெட்டுப் போச்சுன்னியே, எப்படி ஊத வச்சே?"

வாசுகி திரையில் 6.35லேயே நின்றுவிட்ட எண்ணைப் பார்த்தாள்.

"அண்ணன் உன்கிட்ட பேசினானா? அவன் போன் போகவே மாட்டேங்குது."

"அம்மா, கொட்டகைக்குப் போய் அதைச் சரி பண்ணினது அண்ணன்தான். நான்தான் அனுப்பினேன்."

"எந்தக் கொட்டகைக்கு?"

"ஆத்தோரத்துக் கொட்டகைக்கு."

மேட்டில் சனம் பேசுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு காளியம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, "திலகா, இங்க வா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. போன் கை மாறியது.

"வாசுகி?" என்றாள் திலகா அண்ணி. ஓடி ஏறிய களைப்பிலும் சிரித்துக்கொண்டுதான் பேசினாள். "அத்தை ஏன் இப்படி உக்காந்துட்டாங்க? நாங்க எல்லாம் பத்திரம். சின்னவன் செருப்புதான் ஒண்ணு போயிடுச்சு, அதுக்கு அழுவுறான். அவரு எங்க?"

"அண்ணி, நான்தான் அவரை மேல கொட்டகைக்கு அனுப்பினேன். சைரன் ஊதணும்னு."

"ஓ, அவரு போய்த்தான் ஊதுச்சா?" என்றாள் திலகா. பக்கத்தில் பிள்ளையிடம், "அப்பாதான் ஊத வச்சாராம்டா" என்று சொல்வது கேட்டது. பிறகு மறுபடி போனுக்கு வந்தாள். "சரி, வேலைதான் முடிஞ்சிருச்சே. எத்தனை மணிக்கு வருவாருன்னு சொன்னாரா?"